துண்டுக்கு அடியில் ஒரு விரல்

கோமதி மில் கல்லு லைனுக்கு வாழ வரும் புது மருமகள் முதல் வாரத்திலேயே நாலைந்து ஆணியை வளைத்துவிடுவாள். கல்யாண போட்டோவை மாட்டும் ஆசைதான் காரணம். அந்தச் சுவரில் ஆணி இறங்காது. வளைந்த ஆணியைப் பார்த்து மாமியார் சிரிப்பாள். மாமியார் தான் மருமகளாய் வந்தபோது வளைத்த ஆணிகள் பரணில் ஒரு டப்பாவில் கிடக்கும். லைனில் போட்டோக்கள் எல்லாம் உத்தரத்திலிருந்து கயிற்றில்தான் தொங்கும். காற்றடித்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊஞ்சலாடுவார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் ரோட்டில், சாணார்பட்டிக்குச் சற்று முன்னால் அந்த லைன் இருக்கிறது. சிறுமலை அடிவாரத்திலிருந்து மாட்டுவண்டிகளில் கருங்கல் கொண்டுவந்து, மில்லைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை தன் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஒன்பது வீடுகள். ஒட்டி ஒட்டி ஒரே வரிசை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். துரைக்குத் தாராள மனசு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சுவரைப் பொதுவாக்கினால் எவ்வளவு கல் மிச்சம் என்பதைக் கடை வைத்திருக்கும் எவனும் உடனே சொல்லிவிடுவான்.

துரை எதிர்பாராத ஒரு வசதியும் அந்தப் பொதுச்சுவரில் இருந்தது. மில் ஓடிய காலத்தில் காலை ஷிப்டுக்கு முதல் வீட்டில் எழுந்தவர் அம்மிக் குழவியை எடுத்துப் பக்கத்துச் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். இரண்டாம் வீட்டுக்காரர் எழுந்து மூன்றாம் வீட்டுச் சுவரைத் தட்டுவார். தட்டு ஒன்பதாம் வீடு வரை ஓடும். மில் மூடிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. தண்ணி லாரி வந்தாலும் தட்டு, பாம்பு வந்தாலும் தட்டு. எதற்கான தட்டு என்பதைத் தட்டுகிற வேகத்திலேயே கண்டுகொள்வார்கள்.

முதல் வீட்டில் பிராங்க்ளின் இருந்தான். இரண்டாம் வீட்டில் அவன் அக்கா சகாயசெல்வி. இருவரின் அம்மா மில்லின் ரீலிங்கில் நூல் சுற்றியவள். முதல் வீடு அப்படி வந்தது, பக்கத்து வீடு காலியானபோது செல்வி அதில் குடியேறினாள். அப்பா சவரிமுத்து மில் பக்கமே போகாத மனிதர், மாட்டுத் தரகர். செல்விக்குப் புருஷன் இல்லை. நத்தம் தோப்புகளில் புளி பிடித்து, கொட்டை எடுத்து, திண்டுக்கல் கடைகளுக்குப் போட்டு, மகள் ஜெஸ்ஸியைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் புளிக்கு விலை குறைத்துக் கேட்கும் கடைக்காரர்கள், குறைக்காத விலையைக் கொடுத்துவிட்டு, தாங்கள்தான் ஜெயித்தோம் என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கல் வீட்டை விட்டால் அவளுக்கு வேறு கூரை கிடையாது. டவுனில் வாடகை கேட்டுப் பார்த்திருக்கிறாள். புளி விற்று அதைக் கட்ட முடியாது.

மில்லை மூடிய முதலாளி, தொழிலாளிகளுக்குச் சேர வேண்டியதைத் தராமல் போனார். அவர்கள் வீட்டைத் தராமல் இருந்துகொண்டார்கள். பிறகு பிளாட் போடும் ஒருவர் இடத்தை வாங்கி, இடிக்க வண்டி அனுப்பினார். லைன்காரர்கள் சங்கம் வைத்து, பிராங்க்ளினைத் தலைவராக்கி, கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். அதே சமயத்தில் ஜெஸ்ஸி அந்தக் கல் சுவர்களைப் படமெடுத்துப் போனில் போட்டாள். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்கள். பழைமையான கட்டடம், இடிக்கக் கூடாது என்று பேப்பரில் வந்தது. லைனே இனிப்பு வாங்கித் தின்றது.

கல்லுக்குப் பெருமை வந்தால் அதற்கு விலையும் வரும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிளாட்காரர் இடத்தைக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கைமாற்றினார். அவர்களுக்கு இடிக்கும் எண்ணமே இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் காசு கொடுத்து அந்த வீடுகளில் படுக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை.

கம்பெனி சார்பில் பேச வந்தவர் நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்துக்காரர். மாடு விற்றுக்கொண்டிருந்து நிலத்துக்கு மாறியவர். வெள்ளைக் காரில் வந்தாலும் இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலில் நிற்பார்.

"ஏனுங்க, எங்க மொதலாளி இந்தக் கல்லத் தொட்டுப் பாத்துட்டு ஒடம்பு சிலுத்துப் போயிட்டாருங்க" என்றார்.

ஐந்தாம் வீட்டு ராக்கம்மாள் விளக்குமாற்றைக் கீழே போடாமலே கேட்டாள். "கல்லத் தொட்டுச் சிலுத்தவரு, உள்ள குடியிருக்க மனுசரையும் ஒரு தடவ வந்து பாக்குறது?"

"அதுக்குத்தானுங்களே என்னைய அனுப்பியிருக்காரு."

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஒன்பதில் மூன்று வீட்டைப் பட்டாவோடு லைன்காரர்களுக்கே கொடுப்பார்கள். மற்ற ஆறு கம்பெனிக்கு. பதிலுக்குச் சங்கம் கேஸை வாபஸ் வாங்க வேண்டும்.

"ஒம்போதும் எங்களுக்கு" என்றார் மலைச்சாமி. மில்லில் மிஷின் ஓட்டியவர், காது மந்தம், அதனால் எதையும் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். "ஒங்க மொதலாளி மில்லுக்குள்ள ரூம் கட்டட்டும். அம்புட்டு எடம் சும்மா கெடக்கு. எங்க வீட்ட வர்றவுக வெளியில நின்னு பாத்துக்கிரட்டும். பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டோம்."

நாச்சிமுத்து சிரித்தார். "இப்படி வாய்க்கு வாய் பேசுனா பொழுதுதானுங்க போகும். ஞாயித்துக்கெழம வாரேன். நம்ம வழக்கப்படி துண்டப் போட்டுருவோமுங்களா?"

லைனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து. ஒன்பது என்றால் முழுக் கையை ஒருமுறை பிடித்து விட்டு, அடுத்து நாலு விரல். வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல்கள் மாட்டைப் பற்றிப் பேசும். முடிந்ததை எதிராளியிடம் போய் 'எவ்வளவுக்கு' என்று மூன்றாம் மனிதர் கேட்பது அவமரியாதை. நம் ஆள் சொன்னால் சொன்னதுதான். காரில் வரும் கம்பெனிக்காரன் தங்களோடு துண்டு போட்டுப் பேசுவதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள். மரியாதை காட்டுகிற வியாபாரியிடம்தான் எடையைச் சரிபார்க்க வேண்டும். அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

துண்டு போடத் தெரிந்தவர்கள் லைனில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். உயிரோடு இருந்தவரை சவரிமுத்து மறுநாள் சந்தைப் பேரத்தை முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் மகள் கையிலும் மகன் கையிலும் ஒத்திகை பார்ப்பார். இடது கையில் துண்டு, வலது கையில் சோறு. மகளுக்கு வேகமாக வந்தது. மகன் அவசரப்பட்டு முதல் விலைக்கே தலையாட்டி, அப்பாவிடம் கொட்டு வாங்குவான்.

"செல்விதான் சரி" என்றாள் ராக்கம்மாள்.

"அந்நிய ஆம்பள கையப் பொம்பளப்புள்ள புடிக்கிறதா? வேற பேச்சுப் பேசு" என்றார் மலைச்சாமி.

செல்வியும் வாதாடவில்லை. "தம்பி போகட்டும். அவன்தான தலைவரு" என்றாள். பெட்டியிலிருந்து அப்பாவின் சிவப்புக்கரைத் துண்டை எடுத்துத் துவைத்துக் காயவைத்து, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தம்பி தோளில் அவளே போட்டுவிட்டாள்.

"முதல் வெலைக்குத் தலையாட்டிப்புடாத."

"நீ சும்மா இருக்கா. நான் என்ன சின்னப்பயலா?"

மில் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் இரண்டு நாற்காலி. லைன் மொத்தமும் சுற்றி நின்றது. துண்டு விரிந்தது. இரண்டு கைகளும் உள்ளே போயின.

"முருங்கக்கா வெல பரவாயில்லீங்களா உங்க பக்கம்?" என்றார் நாச்சிமுத்து.

"எங்க, சந்தையில மதிப்பே இல்ல" என்றான் பிராங்க்ளின்.

மற்றவர்கள் முகங்களைப் பார்த்தார்கள். செல்வி முழங்கையைப் பார்த்தாள். துண்டு விரலை மறைக்கும், முழங்கையை மறைக்காது. தம்பியின் முழங்கை இரண்டு முறை இழுத்தது. ஐந்து, நாலு. ஒன்பது கேட்கிறான். சரி. நாச்சிமுத்துவின் தோள் லேசாக அசைந்தது, மூன்று. மறுபடி தம்பி ஒன்பது. அதன்பிறகு இருவர் கையும் அப்படியே நின்றது. முருங்கைக்காய்ப் பேச்சும் நின்றுபோயிற்று. நாச்சிமுத்து எதையோ ஒருமுறை பிடித்தார். துண்டில் ஒரே ஒரு மேடு எழுந்தது. தம்பியின் முழங்கை அசையவில்லை. தலை அசைந்தது.

"முடிஞ்சது!" என்று துண்டை உதறித் தோளில் போட்டான் பிராங்க்ளின்.

"எத்தனடா?"

"ஒம்போது!"

மலைச்சாமிக்குக்கூடக் கேட்டுவிட்டது. கூட்டம் கத்தியது. நாச்சிமுத்து குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது.

தான் பார்த்தது தப்பாக இருக்கும் என்று செல்வி நினைத்தாள். வெயில், தூரம், சுற்றி ஆட்கள். பழைய புளியைப் புதுப் புளி என்று யார் காட்டினாலும் ஒரு கிள்ளலில் கண்டுபிடிக்கிறவள், அன்றைக்குத் தன் கண்ணை நம்ப மறுத்தாள். எதிரே இருந்தவன் தம்பி.

பட்டா அடுத்த மாதம் வரும், அதற்கு முன் கேஸ் வாபஸாக வேண்டும் என்றார் நாச்சிமுத்து. காரிலேயே வக்கீல் பேப்பரோடு இருந்தார். பானெட் மேல் வைத்து பிராங்க்ளின் கையெழுத்துப் போட்டான். வெயில் கண்ணில் அடிக்காமல் ராக்கம்மாள் அவனுக்குக் குடை பிடித்தாள்.

சாயங்காலம் லைன் வாசலில் கூட்டாஞ்சோறு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கறி எடுத்திருந்தார்கள். அண்டாவில் குழம்பு கொதித்தது. மலைச்சாமி தன் வீட்டுக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்று யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கருங்கல்லுக்கு பெயின்டா? ஒமக்கு அடிச்சு விட்டாலாச்சும் கல்யாணம் ஆகும்" என்றாள் ராக்கம்மாள். மலைச்சாமிக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி, பிராங்க்ளின் மனைவி ஜோஸ்பின். குழம்பில் அவள் கைப்பக்குவம்தான் லைனில் பேர் பெற்றது. அன்றைக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டதற்குத் தலைவலி என்று உள்ளே போய்விட்டாள். போகும்போது செல்வியைப் பார்க்காமல் போனாள். அந்த ஒன்றுதான் செல்வியை எழுப்பிவிட்டது.

நேராகத் தம்பியிடம் போனாள். "அப்பா துண்டக் குடு."

"எதுக்கு?"

"குடுடா."

துண்டை வாங்கி, அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருவர் கைமேலும் போர்த்தினாள்.

"அடியே, தம்பிகிட்டயே மாடு புடிக்கிறா பாரு!" என்று ராக்கம்மாள் கத்த, கூட்டம் நெருங்கி வந்து நின்றது.

"குழம்புல காரம் தூக்கலா இருக்குமோ?" என்று செல்வியின் வாய் கேட்டது. அவள் விரல்கள் முழுக் கையைப் பிடித்து, விட்டு, நாலைப் பிடித்தன. ஒன்பதா?

தம்பியின் கை செத்த மீன் மாதிரி கிடந்தது.

"ராக்கம்மா போட்டா தூக்கலாத்தான் இருக்கும்" என்று செல்வியே பதிலும் சொன்னாள். மறுபடி ஐந்து, நாலு.

பிராங்க்ளின் கூட்டத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவன் கை மெல்ல நகர்ந்து அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. ஒன்று.

செல்வியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அப்பா கொடுத்த பயிற்சி அப்படி. அவள் கையை இழுக்கப் போன நேரம், அவன் பிடி இறுகியது. பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். இரண்டு. மறுபடி அழுத்தினான். இரண்டு. கண்ணால் தன் வீட்டைக் காட்டினான், பிறகு அவள் வீட்டைக் காட்டினான்.

வியாபாரி வீட்டுப் பிள்ளை. விலை என்று ஒன்று வந்தால் வேண்டாம் என்பதற்கு முன்னால் மனசு ஒருமுறை எடை போட்டுவிடும். செல்வி போட்டாள். ஜெஸ்ஸியின் படிப்பு, டவுன் வாடகை, இரண்டாம் வீட்டின் குளுமை, எல்லாம் ஒரு தட்டில் ஏறியது. அடுத்த தட்டில் யாரையும் அவள் வைக்கவில்லை. லைன்காரர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், தட்டு சாய அது போதுமாக இருந்தது.

துண்டை உருவி எறிந்தாள்.

எந்தச் சந்தையிலும் யாரும் செய்யாத காரியம் அது. பேரம் முடியாமல் துண்டை எடுப்பவனோடு அப்புறம் ஒருத்தனும் வியாபாரம் செய்ய மாட்டான். பிராங்க்ளின் கையை விட மறந்துவிட்டான். அக்காவின் இரண்டு விரலும் அவன் பிடிக்குள் இருந்தன. எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒம்போது இல்ல" என்றாள் செல்வி. "ஒண்ணு. அவன் வீடு மட்டும். இப்ப நான் கேட்டதுக்கு ரெண்டுங்கிறான். எனக்கும் சேத்து."

கூட்டம் பிராங்க்ளின் பக்கம் திரும்பியது.

"ஏலே, என்னடா சொல்லுது ஒங்கக்கா?" என்றார் மலைச்சாமி. காது கேட்கவில்லை என்று இன்னொருமுறை சொல்ல வைத்தார். உண்மையில் கேட்டிருந்தது.

பிராங்க்ளின் எழுந்தான். "கோர்ட்டுல நாம நிக்க மாட்டோம் மாமா. வக்கீலே சொல்லிட்டாரு. மூணு வீடுன்னா எந்த மூணு? நமக்குள்ளயே வெட்டிக்கிட்டுச் சாவோம். அதான் ஒண்ணாச்சும் மிஞ்சட்டும்னு..."

"அந்த ஒண்ணு ஏன்டா ஒன் வீடா இருக்கு?" என்று கேட்டபடி செல்வியும் எழுந்தாள்.

"பேசுனது நானு."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் வெட்கம் இல்லை. கமிஷன் கேட்கிற தரகனின் நியாயம் இருந்தது. அதுதான் செல்வியை உட்கார வைத்தது.

"நான்லடா ஒனக்குக் குட புடிச்சேன்" என்றாள் ராக்கம்மாள். எதைச் சொன்னாலும் ஒன்பது வசவு சேர்த்துச் சொல்கிறவள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அங்கேயே நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டார்கள். "நானுங்களா ஒம்பதுன்னு சொன்னேன்? துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்றது நம்ம வழக்கமில்லீங்களே" என்றார். குரலில் அவ்வளவு பணிவு.

மறுநாள் செல்வியும் மலைச்சாமியும் தங்கள் வக்கீலிடம் போனார்கள். தலைவர் கையெழுத்து செல்லும் என்றார் அவர். ஏமாற்றிவிட்டார் என்று மனு போடலாம். ஆனால் சாட்சி வேண்டும்.

"ஊரே சுத்தி நின்னு பாத்துச்சே சார்" என்றார் மலைச்சாமி.

"என்ன பாத்துச்சு?"

"துண்ட."

அந்த வருஷம் மாம்பழம் இறங்குவதற்குள் லைன் காலியானது. மலைச்சாமி தொப்பம்பட்டியில் மகன் வீட்டுக்குப் போனார். ராக்கம்மாள் சாணார்பட்டியில் ஒரு தகரக் கூரைக்குக் குடிபோனாள். சாமான் ஏற்றும்போது ஒவ்வொரு வீட்டிலும் உத்தரத்திலிருந்து கல்யாண போட்டோக்களை அவிழ்த்து இறக்கினார்கள். சகாயசெல்வி கடைசியாகக் கிளம்பினாள். அப்பாவின் துண்டை மடித்து முதல் வீட்டு நாதாங்கியில் தொங்கவிட்டாள். உள்ளே ஆள் இருந்தது தெரியும். கதவு திறக்கவில்லை. அவளும் தட்டவில்லை.

இப்போது நத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில், முன்பக்கம் புளிக்கடையும் பின்பக்கம் ஒற்றை அறையுமாக இருக்கிறாள். ஜெஸ்ஸி காலேஜை நிறுத்திவிட்டு டவுனில் ஒரு ஜவுளிக்கடை கவுன்டரில் நிற்கிறாள். லைனைப் படமெடுத்த போனை விற்றுவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் கடைக்கு ஜோஸ்பின் வந்தாள். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். லைனில் இப்போது அவளுக்கும் வேலை. சேலை கம்பெனி கொடுத்தது, வேலை நேரத்தில் அதைத்தான் கட்ட வேண்டும். செல்வி உட்காரச் சொல்லவில்லை. ஜோஸ்பின் நின்றபடியே பேசினாள்.

மிஷின் வைத்துத் துளை போட்டு எல்லாச் சுவரிலும் படம் மாட்டிவிட்டார்களாம். ஜெஸ்ஸி போட்ட படங்கள்தான், பெரிது பண்ணிக் கண்ணாடி போட்டு. ராக்கம்மாள் விளக்குமாற்றோடு நிற்கிற படம் அவள் இருந்த ஐந்தாம் வீட்டிலேயே கட்டிலுக்கு மேலே தொங்குகிறதாம். பிராங்க்ளினுக்கு வெள்ளைச் சட்டையும் ஒரு போனும் கொடுத்து, வருகிறவர்களுக்கு லைனின் கதையைச் சொல்லும் வேலை. பரம்பரைத் தொழிலாளி குடும்பம் என்று அவனை நிறுத்திப் படமெடுத்துக்கொள்கிறார்களாம்.

"பட்டா வந்துச்சா?" என்றாள் செல்வி.

ஜோஸ்பின் தரையைப் பார்த்தாள். "வேலைல இருக்க வரைக்கும் இருந்துக்கங்கன்னு சொல்லிட்டாக. அப்படித்தான் பேசுனோம்கிறாரு நாச்சிமுத்து. கேட்டா துண்டுங்கிறாரு."

செல்வி சிரிக்கவில்லை. சிரித்தாலும் தப்பில்லாத இடம்தான்.

"விடியக்காலம் தூக்கம் வரமாட்டேங்குது அண்ணி அவருக்கு. போன வாரம் எந்திரிச்சு, என்ன நெனச்சாரோ, குழவிய எடுத்துச் செவுத்துல மூணு தட்டுத் தட்டிட்டாரு. தட்டிட்டுக் காத வச்சுக் கேக்குறாரு. உடனே அவரு கையில இருந்த போன் அடிச்சிருச்சு. உங்க வீட்டுல தங்கியிருந்த ஆளு. 'பக்கத்து ரூம்ல யாரோ செவுத்த இடிக்கிறாங்க, என்னன்னு பாருங்க'ன்னாரு. 'பாக்குறேன் சார்'னு சொல்லிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு."

சொல்லிவிட்டு ஜோஸ்பின் அழுதாள். "நீங்க அந்தப் பக்கம் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, செல்வியின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். முந்தானை நழுவி இரண்டு கைக்கும் மேலே விழப் பார்த்தது.

செல்வி கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"புளி எம்புட்டு வேணும்?" என்றாள். ஜோஸ்பின் பதில் சொல்லுமுன் தராசை எடுத்து வைத்து, சந்து முழுக்கக் கேட்கும்படி வாயைத் திறந்து விலையைச் சொன்னாள்.